மவுஸைத் தொடாமலே மெனு திறக்கிறதே, எப்படி?

டேலியில் கணக்கு எழுதுபவரைக் கவனித்திருக்கிறீர்களா? கை மவுஸ் பக்கமே போகாது. எஃப்8 தட்டினால் விற்பனை, எஃப்9 தட்டினால் கொள்முதல். 1986-ல் தொடங்கப்பட்ட பெங்களூரு நிறுவனம் தந்த மென்பொருள் அது.

வேர்டிலும் இது முடியும். ஆல்ட் விசையை ஒருமுறை தட்டிப் பாருங்கள். மெனுக்களின் மேல் குட்டி எழுத்துகள் முளைக்கும். அடுத்து ஆங்கில எழுத்து என், பிறகு டி தட்டுங்கள். அட்டவணை போடும் இடம் வந்துவிடும்!

எப்படி? தபால் விலாசம் மாதிரிதான். ஆல்ட் தட்டியதும், இனி வருவது கடிதத்தின் வாசகம் அல்ல, விலாசம் என்று மென்பொருள் புரிந்துகொள்கிறது. முதல் எழுத்து ஊர், அடுத்தது தெரு. ஊருக்கு ஊர் காந்தி தெரு இருப்பதுபோல, ஒரே எழுத்து ஒவ்வொரு மெனுவிலும் வேறொரு வேலை செய்யும்.

மவுஸ் அம்பைக் கண்ணால் தேடித்தான் குறிவைக்க வேண்டும். விசைகளோ இடம் மாறுவதில்லை. அவற்றை விரல்களே நினைவில் வைத்துக்கொள்ளும்.

அப்படியானால் பார்வையற்றவர்கள்? அவர்களுக்கு விசைப்பலகைதான் முழு வழி. விசையால் எங்கே நகர்ந்தாலும், அங்கே இருப்பதைத் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் குரலில் சொல்லும். இப்படிக் கணினியில் வேலை பார்க்க, 1999-ல் பெங்களூருவில் தொடங்கிய எனேபிள் இந்தியா என்ற அமைப்பு பயிற்சி தருகிறது. விசைக்கு எட்டாத ஒரே ஒரு பொத்தான் இருந்தாலும் அவர்கள் வேலை அங்கேயே நின்றுவிடும். மென்பொருள் எழுதுபவர்கள் முதலில் சோதிக்க வேண்டியது அதைத்தான்.