நிறையில் அடங்காத பொன்

மனிதன் அணிகலன் பூண்டது அழகுக்காக மட்டும் அன்று. காவலுக்காகப் பூண்டதும் உண்டு. நினைவுக்காகப் பூண்டதும் உண்டு. சின்னஞ்சிறு உருவங்கள் தொங்கும் பழைய கைச்சங்கிலிகள் மீது உலகெங்கும் இன்றளவும் ஆசை குறையாமைக்குக் காரணம், இம்மூன்றும் அவற்றில் ஒருங்கே அமைந்திருப்பதுதான்.

தமிழர்க்கு இவ்வெண்ணம் புதிதன்று. புறநானூற்றின் 77ஆம் பாட்டில், போர்க்களம் புகுந்த இளம் பாண்டியன் நெடுஞ்செழியனைக் கண்டு இடைக்குன்றூர் கிழார் வியக்கிறார். பிள்ளைப் பருவத்துத் தாலியை அவன் இன்னும் களையவில்லையாம்! அது ஐம்படைத்தாலி என்பர் உரைகாரர். சங்கு, சக்கரம், கதை, வாள், வில் என்னும் திருமாலின் ஐந்து படைகளையும் சிறிய வடிவிற் செய்து குழந்தைக்குக் காவலாக அணிவித்தனர். சிங்கள மக்களிடையே அவ்வணி பஞ்சாயுதம் என்னும் பெயரோடு இன்றும் வாழ்கிறது. இறைமறை வாசகம் எழுதிய தாளை உள்ளடக்கிய தாயத்து முஸ்லிம் இல்லங்களில் வழங்கியது. மார்க்க நோக்கில் அதனை ஏற்காதோரும் உளர். ஆயினும், பிள்ளைக்குத் தீங்கு நேரலாகாதே என்று பதைக்கும் தாயுள்ளம் எவ்வில்லத்திலும் ஒன்றே.

காவலாயிருந்த அணி, காலப்போக்கில் நினைவின் சின்னமாயிற்று. 1840இல் மூத்த மகள் பிறந்தபோது, இங்கிலாந்தின் விக்டோரியா அரசியாருக்கு அவர் கணவர் ஒரு கைச்சங்கிலியைப் பரிசளித்தார். மகவு பிறக்குந்தோறும் இதய வடிவான சிமிழ் ஒன்று அதிற் சேர்ந்தது. ஒன்பது மக்கள், ஒன்பது சிமிழ்கள், ஒவ்வொன்றினுள்ளும் ஒரு குழந்தையின் தலைமுடி. பிற்காலத்தில், 1950களில், அமெரிக்க இளம்பெண்கள் பிறந்தநாளுக்கொன்று, பயணத்துக்கொன்று எனத் தொங்கல்களைச் சேர்த்தனர். அச்சங்கிலிகளே இன்று பழம்பொருட் கடைகளில் விற்பனைக்கு வருகின்றன. வாங்குபவர் கையில் பொன் இருக்கிறது. எவருடைய பயணம், எந்தப் பிறந்தநாள் என்னும் செய்தி இல்லை.

இதை எண்ணும்போது நம் கீழைக்கரை நினைவுக்கு வருகிறது. அலைச்சறுக்கு விளையாட்டுக்கென அறுகம்பே வரும் வெளிநாட்டார், சிப்பியும் மணியும் கோத்த கைவடங்களை ஊர் நினைவாகக் கொண்டு செல்கின்றனர். அக்கரையிலிருந்து கல்முனை வரையுள்ள ஊர்களின் இல்லங்களிலோ வேறு வகை நினைவுப் பொருள் உண்டு. இங்கு முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும் குடி தாய்வழியே எண்ணப்படும். வீடு மகளுக்குச் சீதனமாகும். மணமகன் மனைவியின் இல்லத்துக்கு வந்து வாழ்வான். ஆகவே தாயின் நகையும் மகளையே சேரும். ஒரு காப்பு மூன்று தலைமுறைப் பெண்களின் கைகளைக் கண்டிருக்கக்கூடும்.

அத்தொடர்ச்சியை 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் அறுத்தது. ஆழிப்பேரலையால் இத்தீவில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. மக்களையே இழந்து நின்றோர் நகையை நினைந்து அழுதிருப்பாரோ? ஆயினும், இறந்த மகளின் சிறு வளையல் ஒன்று மணலிற் கிடைத்திருப்பின், அதற்கு விலை கூற வல்லார் யார்?

கடலுக்குத் தப்பியவற்றை வறுமை கேட்டது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எத்தனையோ குடும்பங்கள் நகைகளை ஈடு வைத்தன. அங்கே தராசு ஒன்றே பேசும். எட்டுக் கிராம் ஒரு பவுண். தேய்ந்த வளையமும், பற்றாசு வைத்து ஒட்டிய தழும்பும் குறைகளாகவே எண்ணப்படும். உண்மையில், ஒருத்தி அதனை நாள்தோறும் அணிந்தாள் என்பதற்கு அத்தேய்வன்றோ சான்று! உருக்கினால் பொன் மீளும், அச்சான்று மீளாது.

பசித்த வீட்டாரிடம் நகையை விற்காதீர் என்று சொல்லும் உரிமை எவர்க்கும் இல்லை. செய்யக்கூடியது வேறொன்று உண்டு. பெட்டகத்தைத் திறக்கும் நாளில் உம்மம்மாவிடமோ அம்மம்மாவிடமோ கேளுங்கள்: இதை யார் தந்தார்? எந்த நாளில்? எதற்காக? விடையை ஒரு தாளில் எழுதி வையுங்கள். நகை கைமாறினும் அத்தாள் மகளிடம் இருக்கட்டும்.