இறந்த வண்டுகளின் காதல் கதை

திகிலும் அழகும் ஒன்றாய்க் கலந்த விசித்திர அனிமேஷன்கள் இணையத்தில் ஏராளம். துண்டு துண்டாக நம் கைப்பேசியில் வந்து விழும் அவற்றுக்குப் பின்னால் நூறாண்டு கடந்த ஒரு மரபு இருக்கிறது.

ஒரு வண்டு, மனைவியை வீட்டில் விட்டுவிட்டு நகரத்துக்குப் போகிறது. அங்கே ஒரு கேளிக்கை விடுதியில் ஆடும் தட்டான்பூச்சியிடம் மனதைப் பறிகொடுக்கிறது. அதே தட்டான்மீது ஆசை வைத்த வெட்டுக்கிளியோடு கைகலப்பு. அடிபட்ட வெட்டுக்கிளி தொழில்முறை சினிமா ஒளிப்பதிவாளர். பழிதீர்க்க, ஜோடி தங்கிய ஓட்டல் அறையின் சாவித்துவாரம் வழியே எல்லாவற்றையும் படம்பிடித்துவிடுகிறது. பிறகு ஒரு நாள் வண்டு தன் மனைவியைச் சினிமாவுக்கு அழைத்துப்போக, திரையில் ஓடுகிறது அந்தப் படம். புரொஜெக்டரை இயக்குவதும் அதே வெட்டுக்கிளிதான்!

‘தி கேமராமேன்ஸ் ரிவெஞ்ச்’ என்ற பெயரில் உலகம் அறிந்த இந்த மௌனப் படம் 1912-ல் மாஸ்கோவில் எடுக்கப்பட்டது. ஓடும் நேரம் சுமார் 12 நிமிடம். நடித்தவை அத்தனையும் இறந்த பூச்சிகள்.

எடுத்தவர் விளாடிஸ்லாவ் ஸ்டாரெவிச். 1882-ல் மாஸ்கோவில் ஒரு போலிஷ் குடும்பத்தில் பிறந்து, இன்றைய லித்துவேனியாவின் கௌனாஸ் நகரில் வளர்ந்தவர். பூச்சிகள்மீது தீராத ஆர்வம். மான்கொம்பு போன்ற தாடைகள் கொண்ட இரண்டு ஆண் வண்டுகள் மோதிக்கொள்வதைப் படமாக்க நினைத்தார். அவை இரவில் உலவும் உயிர்கள். விளக்கு வெளிச்சம் பட்டதும் அசையாமல் நின்றுவிட்டன. ஸ்டாரெவிச் வேறு வழி யோசித்தார். இறந்த வண்டுகளின் கால்களையும் தாடைகளையும் பிரித்தெடுத்து, மெழுகும் கம்பியும் வைத்து, விரும்பியபடி வளையும்வகையில் மறுபடி பொருத்தினார். மயிரிழை அளவு நகர்த்தி ஒரு படம். மறுபடி நகர்த்தி அடுத்த படம். 1910-ல் வண்டுச் சண்டை திரைக்கு வந்தது. உயிருள்ள பூச்சிகளையே யாரோ பழக்கி நடிக்க வைத்திருக்கிறார்கள் என்று அந்தக் காலத்தில் நம்பியவர்கள் உண்டு.

மௌனப் பட காலத்தில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 16 படங்கள் ஓடின. அப்படியானால் 12 நிமிடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மனிதர் குனிந்து, ஒரு வண்டின் ஆறு கால்களும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்திருக்கிறார். இந்த வகைக் கலையின் உயிர்நாடி அதுதான். அருவருப்பு என்று நாம் முகம் திருப்பிக்கொள்ளும் ஒரு பொருளை, கலைஞர் யாரும் பார்க்காத அளவு நெருக்கமாக, நீண்ட நேரம் பார்க்கிறார். அந்தக் கவனம்தான் நம்மிடம் திகிலாகவும் அழகாகவும் வந்து சேர்கிறது.

ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு பிரான்ஸில் குடியேறிய ஸ்டாரெவிச், 1933-ல் எடுத்த ‘தி மாஸ்காட்’ படத்தில் ஒரு துணி நாய்க்குட்டிதான் நாயகன். வறுமையில் பொம்மை தைக்கும் ஒரு தாயின் கண்ணீர்த்துளி அதற்குள் விழ, நாய்க்குட்டி உயிர்பெறுகிறது. நோயுற்ற சிறுமிக்கு ஓர் ஆரஞ்சுப் பழம் தேடி பாரிஸ் வீதிகளில் அலைகிறது. நள்ளிரவில் சாத்தான் நடத்தும் விருந்தில் எலும்புக்கூடுகளும் குப்பையில் கிடந்தவையும் எழுந்து ஆடுகின்றன. அந்தக் கூத்துக்கு நடுவிலும் நாய்க்குட்டி பழத்தை விட்டுக்கொடுப்பதில்லை. பயமும் பாசமும் இவ்வளவு பக்கத்தில் நிற்கும் படங்கள் குறைவு.

பிராகின் களிமண் தலைகள்

ஸ்டாரெவிச் போட்ட பாதையில் வெகுதூரம் நடந்தவர் செக் நாட்டின் யான் ஷ்வாங்க்மாயர். 1934-ல் பிராகில் பிறந்தவர்; பொம்மலாட்டத்தை முறையாகப் படித்தவர். 1982-ல் வெளிவந்த அவருடைய ‘டைமன்ஷன்ஸ் ஆஃப் டயலாக்’ உரையாடலைப் பற்றிய படம். அதில் ஒருவரும் ஒரு சொல் பேசுவதில்லை.

முதல் பகுதியில் காய்கனிகளால் ஆன ஒரு தலை, சமையல் சாமான்களால் ஆன ஒரு தலை, புத்தகமும் எழுதுபொருளும் சேர்ந்த ஒரு தலை. ஒன்றையொன்று விழுங்கி, நொறுக்கி, துப்புகின்றன. துப்பத் துப்ப எல்லாம் நைந்து, கடைசியில் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற களிமண் தலைகளே மிஞ்சுகின்றன. இரண்டாம் பகுதியில் களிமண் ஆணும் பெண்ணும் தழுவி ஒன்றாய்க் கரைகிறார்கள். பிரிந்த பிறகு இருவருக்கும் நடுவே ஒரு சிறு களிமண் உருண்டை எஞ்சுகிறது. அதை ஏற்க இருவருக்குமே மனமில்லை. ஒருவர்மீது ஒருவர் எறிந்து, கடைசியில் ஒருவரையொருவர் பிய்த்துப்போடுகிறார்கள். மூன்றாம் பகுதியில் மேசைமேல் இரண்டு முதியவர்களின் தலைகள். ஒரு வாயிலிருந்து பல்துலக்கும் பிரஷ் வந்தால் மறுவாயிலிருந்து பற்பசை, ரொட்டிக்கு வெண்ணெய், பென்சிலுக்குத் துருவி. கொஞ்ச நேரத்தில் வரிசை குழம்பி, பொருந்தாதவை ஒன்றையொன்று நாசமாக்குகின்றன. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர் பேசப் பேச விலகிப்போவதைக் கண்டவர்களுக்கு இந்தக் காட்சி நெஞ்சில் தைக்கும்.

பெர்லின் திரைப்பட விழா இந்தப் படத்துக்குக் குறும்படப் பிரிவின் தங்கக் கரடி விருதைத் தந்தது. அவருடைய சொந்த நாட்டிலோ, எப்படிப் படம் எடுக்கக் கூடாது என்பதற்கு உதாரணமாக கம்யூனிஸ்ட் கட்சியின் கருத்தியல் குழுவுக்குப் போட்டுக்காட்டினார்கள். 1988-ல் ஷ்வாங்க்மாயர் எடுத்த ‘ஆலிஸ்’ படத்தில் வெள்ளை முயல், பாடம் செய்யப்பட்ட ஒரு நிஜ முயல். வயிற்றிலிருந்து கசியும் மரத்தூளையே அது அள்ளித் தின்கிறது. அவருடைய பல குறும்படங்களில் வசனம் சொற்பம் என்பதால் செக் மொழி தெரியாத நமக்கும் அவை நேராக வந்து சேர்கின்றன.

சுவரும் சமையலறையும்

கருவி இருந்தால்தான் கலை என்பதைப் பொய்யாக்கியவர்களும் உண்டு. ‘புளூ’ என்ற புனைபெயரில் இயங்கும் இத்தாலியத் தெருவோவியர் 2008-ல் ‘மூட்டோ’ என்ற 7 நிமிடப் படத்தை இணையத்தில் வெளியிட்டார். தெருச் சுவரில் ஓர் உருவம் வரைந்து, படம் எடுத்து, அதன்மேல் வண்ணம் பூசி மறைத்து, அடுத்த அசைவை வரைவார். சுவரில் ஊர்ந்துபோகும் உருவம் தன் உடலைத் தானே பிளந்து இன்னோர் உருவத்தைப் பெறுகிறது. அது ஓடிப்போன வழியெங்கும் பூச்சின் தடம் நிற்கிறது. வெயிலும் நிழலும் மாறுவதால், எத்தனை பகல்களின் உழைப்பு அது என்பது படத்திலேயே தெரிகிறது.

அமெரிக்கக் கலைஞர் பெஸ் 2012-ல் எடுத்த ‘ஃப்ரெஷ் குவாகமோலி’, அவகாடோ துவையலுக்கான ஒரு சமையல் குறிப்பு. அவகாடோவுக்குப் பதில் கையெறி குண்டை இரண்டாக நறுக்குகிறார்கள். நறுக்கிய வேறு பொருள்கள் தாயக்கட்டைகளாகச் சிதறுகின்றன. 1 நிமிடம் 40 விநாடி ஓடும் இப்படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

துருப்பிடித்த கரண்டியும் குச்சி மனிதர்களும்

இணையத்திலேயே பிறந்து வளர்ந்த படைப்புகளில் மறக்க முடியாதது ‘சாலட் ஃபிங்கர்ஸ்’. பிரிட்டனின் டேவிட் ஃபர்த் 2004-ல் தொடங்கிய தொடர். பாழ்வெளியில் தனியாக வாழும் பச்சை நிற மனிதன், நீண்ட மெல்லிய விரல்கள், துருப்பிடித்த கரண்டியைத் தடவுவதில் பேரின்பம், பேச்சுத்துணைக்கு விரல்பொம்மைகள். பார்க்கும்போது உடல் கூசும். அந்தக் கூச்சத்துக்கு அடியில் ஆளற்ற ஒருவனின் தனிமை இருக்கிறது. அதனால்தான் அவனை வெறுக்க முடிவதில்லை.

அமெரிக்காவின் டான் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் குச்சி மனிதர்களை வைத்தே மரணத்தையும் நினைவையும் பேசுகிறார். 2015-ல் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் டுமாரோ’ படத்தில், ஒரு சிறுமியை எதிர்காலத்திலிருந்து அவளுடைய குளோன் தொடர்புகொள்கிறாள். சிறுமிக்குக் குரல், படம் எடுத்தவரின் உறவுக்காரக் குழந்தை விளையாடும்போது இயல்பாகப் பேசியது. உலகத்தின் முடிவைப் பற்றிப் பெரியவள் பேச, குழந்தை தன்போக்கில் மழலை பேசிக்கொண்டிருக்கிறது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ‘டோன்ட் ஹக் மீ ஐயம் ஸ்கேர்டு’. பெக்கி ஸ்லோன், ஜோசப் பெல்லிங் இருவரும் 2011-ல் தொடங்கியது. வண்ண வண்ண பொம்மைகள் பாடுவதால் குழந்தைகள் நிகழ்ச்சிபோலத் தோன்றும். கற்பனைத்திறனைப் பாட்டாகச் சொல்லிக்கொடுக்கும் நோட்டுப்புத்தகம், பச்சை நிறத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று தடைபோடும்போது கதை கோணலாகிறது. சீக்கிரமே கேக்குக்குள் இறைச்சி தெரிகிறது. குழந்தைகளுக்கு இதைக் காட்டக் கூடாது. குழந்தைகளுக்கு நாம் எதைப் பாடமாகத் திணிக்கிறோம் என்று யோசிக்கும் பெரியவர்கள் பார்க்க வேண்டும்.

பெயரைத் தேடுங்கள்

2004-ன் இணைய அனிமேஷன்கள் பெரும்பாலும் ஃப்ளாஷ் மென்பொருளில் உருவானவை. 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி நிறுவனம் அதற்கான ஆதரவை நிறுத்தியது. ஒரு தலைமுறையின் படைப்புகளே திறக்க முடியாமல் போயிருக்கும். ஃப்ளாஷ் போலவே இயங்கும் ‘ரஃபிள்’ என்ற எமுலேட்டரைத் தன்னார்வலர்கள் உருவாக்க, இன்டர்நெட் ஆர்கைவ் அதன் துணையோடு பழைய ஃப்ளாஷ் படைப்புகளைச் சேமித்து ஓடவைத்திருக்கிறது. ஒருவர் கைவிட்டதை வேறு சிலர் எடுத்துக் காத்ததால்தான் அவை பிழைத்தன.

பார்க்கிற நமக்கும் இதில் பங்கு உண்டு. இந்தப் படங்கள் நம்மிடம் வரும்போது 20 விநாடித் துணுக்காக, எடுத்தவர் பெயர் அறுக்கப்பட்டு, வேறு பாட்டு ஒட்டப்பட்டு வருகின்றன. சிரித்துவிட்டோ முகம் சுளித்துவிட்டோ கடந்துபோனால் அதோடு முடிந்தது. ஒரு நிமிடம் நின்று, இதை யார் செய்தார் என்று தேடிப் பாருங்கள். துணுக்கின் கீழே கருத்துகளில் யாராவது பெயரைச் சொல்லியிருப்பார்கள். பெயர் கிடைத்ததும் அந்தக் கலைஞரின் சொந்தப் பக்கத்தில் முழுப் படத்தையும், அதன் சொந்த ஒலியோடு பாருங்கள். அவர் யாரைப் பார்த்துக் கற்றார் என்று அடுத்துத் தேடுங்கள். அமெரிக்க இரட்டையர்களான குவே சகோதரர்கள் 1984-ல் ஷ்வாங்க்மாயர் பெயரைத் தலைப்பிலேயே வைத்து ஒரு படம் எடுத்தார்கள். அப்படி ஒரு பெயர் இன்னொரு பெயருக்கு இட்டுச்செல்லும். பகிரும்போது அந்தப் பெயரையும் சேர்த்தே பகிருங்கள். பத்தாயிரம் முறை குனிந்து நிமிர்ந்தவருக்கு நாம் செலுத்த வேண்டிய குறைந்தபட்சக் கூலி அது.