தரம் 1 அனுமதி: லயத்துப் பிள்ளைக்குப் புள்ளி எங்கே குறைகிறது?

திம்புள்ளப் பக்கத் தோட்டங்களில் பாடசாலை அனுமதி பற்றிப் பேச்செடுத்தால் பெற்றோர் முதலில் சொல்வது, "ஆள் தெரிஞ்சா தாங்க டவுன் ஸ்கூல் கெடைக்கும்" என்பதுதான். பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எவருடைய சிபாரிசும் இல்லாமலே லயத்துப் பிள்ளையைப் பின்தள்ளும் வழி, கல்வி அமைச்சின் அனுமதிச் சுற்றுநிருபத்திலேயே இருக்கிறது. அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம்.

தரம் 1 இடங்களில் 50 வீதம் அருகில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு. 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. 15 வீதம் ஏற்கெனவே அங்கு படிப்பவர்களின் சகோதரர்களுக்கு. மிச்சம் சிறு பிரிவுகளுக்கு.

தோட்டத்துப் பெற்றோர் பலர் படித்தது தோட்டப் பாடசாலையில். ஆகவே பழைய மாணவர் பிரிவு அவர்களுக்கு மூடிய கதவு. மூத்த பிள்ளை டவுனில் படித்தாலொழிய சகோதரர் பிரிவும் அப்படியே. எஞ்சுவது வதிவிடம்.

அங்கே வாக்காளர் இடாப்புக்குப் புள்ளி உண்டு, வதிவிட ஆவணத்துக்குப் புள்ளி உண்டு. சொந்தக் காணி உறுதிக்கே ஆவணப் புள்ளி அதிகம். நான்கு தலைமுறையாக ஒரே லயத்தில் இருந்தாலும், அந்த அறை தோட்டத்தின் சொத்து. ஏழு பேர்ச் காணி என்ற வாக்குறுதியைக் கோப்பில் வைத்து நீட்ட முடியாது. இடப்பெயர்வில் உறுதியைத் தொலைத்த வன்னிப் பெற்றோருக்கு இந்தச் சங்கடம் புரியும். 1977இலும் 1983இலும் மலையகத்திலிருந்து அங்கு போனவர்களுக்கு இன்னும் நன்றாகவே புரியும்.

தூரத்துக்கான புள்ளிதான் எனக்கு மிகவும் உறுத்துவது. விண்ணப்பித்த பாடசாலையைவிடக் கிட்டிய, பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு அரச ஆரம்பப் பாடசாலை இருந்தால், அது ஒவ்வொன்றுக்கும் புள்ளி வெட்டப்படும். லயத்துக்குப் பக்கத்திலேயே தோட்டப் பாடசாலை இருக்கிறது. 1970களில் தொடங்கித்தான் அரசு பொறுப்பேற்ற, ஆசிரியர் பற்றாக்குறை தீராத அந்தப் பாடசாலையே பிள்ளையின் புள்ளியைக் குறைக்கிறது. நேர்முகப் பரீட்சைக் குழுவில் எல்லோரும் நேர்மையானவர்களாக இருந்தாலும் முடிவு மாறாது.

ஆள் செல்வாக்கு நடந்ததா, புள்ளிதான் போதவில்லையா என்று அறிய ஒரு வழி உண்டு. தற்காலிகப் பட்டியல் பாடசாலையில் ஒட்டப்பட்டதும், குறித்த காலத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம். பட்டியலில் உள்ள தகுதியற்றவர் பற்றி ஆட்சேபனையும் எழுதலாம். புள்ளி எப்படிப் போட்டார்கள் என்பதை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். இதற்காக அலைந்தால் ஒரு நாள் பேர் போய்விடும், தெரியும். போகிற நாளில் எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.