சைக்கிளின் எலும்பு – 9: குழாய்க்குள் சிக்கிய தண்டு

கையால் கட்டிய சைக்கிள்களுக்கென்றே நடக்கும் கண்காட்சியில், மேசைக்குப் பின்னால் நிற்பவர் பெரும்பாலும் அந்த வண்டியைக் கட்டியவராகவே இருப்பார். ஆண்டு முழுவதும் தனியாளாகவோ இரண்டு மூன்று பேராகவோ சிறு பட்டறையில் உழைப்பவர்கள், சில நாட்களுக்கு ஒரே கூரையின் கீழ் கூடுகிறார்கள். மூட்டைக் காட்டிக் கேள்வி கேட்டால், அதைப் பற்றவைத்தவரே பதில் சொல்வார். சக்கரம் கட்டுவது போன வாரத்தோடு முடிந்தது. ஆரக்கம்பிக் கணக்கை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்த வாரம் ஃபிரேம். இடமிருந்தால் பெயிண்டும்.

இவ்வகைக் கண்காட்சிகளில் நீண்ட நாள் பேர் பெற்றது வட அமெரிக்கக் கைவினைச் சைக்கிள் கண்காட்சி. டான் வாக்கர் என்ற ஃபிரேம் கட்டுநர் 2005இல் ஹூஸ்டனில் அதைத் தொடங்கினார். பிறகு சான் ஹோசே, போர்ட்லாண்ட், இண்டியானாபோலிஸ், ஆஸ்டின் என்று அது ஊர் ஊராக நகர்ந்தது. 2019இல் சாக்ரமென்டோவில் நடந்ததே கடைசி. மறு ஆண்டு கொரோனா வந்துவிட்டது. பிரிட்டனில் ‘பிஸ்போக்ட்’ 2011இல் பிரிஸ்டல் நகரில் தொடங்கியது. பொறியாளர் பிரூனெல் கட்டி 1840இல் திறக்கப்பட்ட பழைய ரயில் நிலையக் கூடத்திலும், 2014இல் லண்டன் ஒலிம்பிக் வெலோட்ரோமிலும் அது நடந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் போர்ட்லாண்டில் ‘மேட்’ என்ற புதிய கண்காட்சி பிறந்தது. அது நடந்த ஜிடெல் யார்ட்ஸ், முன்பு சரக்குப் படகுகள் கட்டப்பட்ட ஆற்றங்கரைத் தளம். எஃகுத் தகடுகளைப் பற்றவைத்த இடத்தில் எஃகுக் குழாய்களைப் பற்றவைப்பவர்கள் கூடியது மிகப் பொருத்தம்.

உள்ளே நுழைந்ததும் கண்ணைப் பறிப்பவை பளபளக்கும் முழு வண்டிகள். ஆனால் முதலில் தேடிப் போக வேண்டியது பெயிண்ட் அடிக்காத ஃபிரேமைத்தான். பெயிண்டும் அடியில் பூசும் பட்டியும் சேர்ந்தால் பல குறைகள் மறைந்துவிடும். வெற்று உலோகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைப்பவருக்குத் தன் கைமேல் நம்பிக்கை இருக்கிறது.

அங்கே குனிந்து பார்க்க வேண்டியது மூட்டு. ‘லக்’ எனப்படும் எஃகு உறைக்குள் குழாய் முனைகளைச் செருகி, வெள்ளிக் கலவையையோ பித்தளையையோ உருக்கி ஓடவிடுவது பழைய முறை. குழாய்க்கும் லக்குக்கும் நடுவே உள்ள நூலிழை இடைவெளியில் உருகிய உலோகம் தானாகவே பரவும். வெள்ளிக் கலவை சுமார் 650 டிகிரி செல்சியஸில் ஓடும்; பித்தளைக்கு 900 டிகிரியை நெருங்க வேண்டும். சூடு குறைவது எஃகுக்கு நல்லதுதான். ஆனால் வெள்ளி பெரிய இடைவெளியை நிரப்பாது. முனைகளை அரத்தால் ராவி மிகச் சரியாகப் பொருத்தியிருக்க வேண்டும். லக் இல்லாமல், மூட்டைச் சுற்றிப் பித்தளையைக் குழிவாக வார்த்து, அரமும் உப்புத்தாளும் கொண்டு மழமழவென்று தேய்த்தெடுப்பது இன்னொரு முறை. ஒரு குழாய் எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியக்கூடாது. மூன்றாவது டிக் வெல்டிங். சாய்த்து அடுக்கிய காசுகள்போல் சின்னச் சின்ன அலைகள் ஒரே இடைவெளியில் மூட்டைச் சுற்றி வரும். டைட்டானியத்தில் இதைச் செய்யும்போது குழாயின் உள்ளும் புறமும் ஆர்கான் வாயு நிறைந்திருக்க வேண்டும். காற்றுப் பட்டால் சூடான டைட்டானியம் ஆக்சிஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். வெள்ளி நிறமும் வெளிறிய வைக்கோல் நிறமும் நல்ல அறிகுறி. பற்றவைப்பின் மேலேயே நீலமோ சாம்பல் பூத்த வெண்மையோ தெரிந்தால் வாயுக் காப்பு போதவில்லை என்று பொருள்.

மூட்டு வெளியே தெரியும். குழாயின் உட்புறம் யாருக்கும் தெரியாது. ஃபிரேமின் பெரிய அதிசயம் அங்கேதான் இருக்கிறது. நல்ல எஃகுக் குழாயின் வெளிவிட்டம் முனைக்கு முனை ஒன்றே. சுவர் மட்டும் முனைகளில் 0.9 மில்லிமீட்டர், நடுவில் 0.6. இதைவிட மெல்லியவையும் உண்டு. குழாய் வளையும் அழுத்தம் மூட்டுகளின் அருகில்தான் மிகுதி. பற்றவைக்கும் சூட்டில் எஃகு பலம் இழப்பதும் அங்கேதான். ஆகவே முனைகளில் தடிப்பு வேண்டும். நடுவில் அது வெறும் சுமை.

அப்படியானால் குழாயின் உட்துளை நடுவில் அகலம், இரு முனைகளிலும் குறுகல். இதை எப்படிச் செய்வது? நடுவில் பருத்து முனைகளில் மெலிந்த எஃகுத் தண்டை உள்ளே விட்டு, இரண்டையும் சேர்த்து ஓர் அச்சுத் துளை வழியே இழுக்கிறார்கள். குழாய்ச் சுவர் தண்டின்மேல் அமுங்கி, அதன் வடிவத்தை அப்படியே ஏற்கும். வேலை முடிந்தது, ஆனால் தண்டு உள்ளே சிறைப்பட்டுவிட்டது. பருத்த நடுப்பகுதி எந்த முனை வழியாகவும் வெளியே வராது. குழாயை அறுத்தால் எல்லாம் வீண். விடை மிக எளியது. சாய்வாக வைத்த உருளைகளுக்கு நடுவே குழாயைச் சுழலவிட்டு ஓட்டுகிறார்கள். அந்த அழுத்தத்தில் குழாய் முழுவதும் சற்றே விரிந்து கொடுக்கும். பிடி தளர்ந்த தண்டை உருவிவிடலாம். பிறகு தண்டில்லாமல் மறுபடி அச்சில் இழுத்தால் வெளிவிட்டம் உரிய அளவுக்குத் திரும்பிவிடும். தடிப்பு வேறுபாடு உள்ளேயே தங்கிவிடும்.

பர்மிங்காமில் ஆணி செய்துவந்த குடும்பத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ், ஹூவிட் என்பவரோடு சேர்ந்து இவ்வகைக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றது 1897இல். 1935இல் அந்த நிறுவனம் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த ‘531’ எஃகை வெளியிட்டது. போர்க்காலத்தில் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் எஞ்சினைத் தாங்கியதும் அதே உலோகம். ரெனால்ட்ஸ் 1928இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்துக்குள் போனது. 1949இல் முருகப்பா குடும்பத்தோடு கைகோத்துச் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியதும் அதே பிரிட்டிஷ் குழுமம்தான். அம்பத்தூரில் உருவான ஹெர்குலிஸ் வண்டிகளுக்குப் போனது கனத்த சாதாரண எஃகு என்பது வேறு விஷயம். மூட்டை சுமக்கும் வண்டிக்கு அதுவே சரி.

கட்டுநருக்கு இந்தத் தடிப்பு மாற்றம் கடுமையான கட்டுப்பாடு. குழாய் முனையைப் பிறை வடிவில் வெட்டிப் பொருத்தும்போது, தவறான பக்கத்தில் அதிகம் வெட்டினால் மூட்டு மெல்லிய சுவரில் போய் விழும். வெளியிலிருந்து எதுவும் தெரியாது. சில காலம் ஓடிய பிறகு விரிசலாகத் தெரியும். குள்ளமானவருக்குக் கட்டும் சிறிய ஃபிரேமில் ஆபத்து இன்னும் கூடுதல். குழாய் நிறுவனத்தின் மேசையில் நெடுக்காக அறுத்த துண்டு ஏதேனும் கிடந்தால், கையில் எடுத்துச் சாய்த்துப் பார்க்காமல் நகரக்கூடாது.

எஃகுக்கு வெளியேயும் ஓர் எட்டு எட்டிப் பார்க்கலாம். கலிஃபோர்னியாவின் கிரெய்க் கால்ஃபி, 1991இலேயே பந்தய வீரர் கிரெக் லெமாண்டின் அணிக்குக் கார்பன் ஃபிரேம் கட்டித் தந்தவர். அவருடைய நாய் ஒரு மூங்கில் கழியைக் கடித்து விளையாடியது. எவ்வளவு கடித்தும் கழி சிதையவில்லை. அதைப் பார்த்து 1990களின் நடுவில் அவர் மூங்கில் ஃபிரேம் கட்டத் தொடங்கினார். வெடிக்காமலிருக்க மூங்கிலைப் புகையிலும் சூட்டிலும் பதப்படுத்தி, மூட்டுகளில் சணல் வகை நாரை எபாக்ஸியில் நனைத்துச் சுற்றுகிறார்கள். பின்னர் அந்தக் கலையைக் கானாவிலும் கற்றுக்கொடுத்தார். மூங்கில் குழாயின் சுவரோ இயற்கை தந்தது. கட்டுநர் தேர்ந்தெடுக்கத்தான் முடியும், இழுத்துத் திருத்த முடியாது.

இவ்வளவையும் பார்த்த பிறகே அளவு பற்றிப் பேச வேண்டும். தொழிற்சாலை ஐந்தாறு அளவுகளில் ஃபிரேம் செய்கிறது. நடுத்தர உடம்புக்கு அது போதும். மிகக் குள்ளமானவருக்கு அதே பெரிய சக்கரத்தைப் பொருத்தினால், திரும்பும்போது பாதத்தின் முனை முன்சக்கரத்தில் தட்டும். சிறிய சக்கரம் போட்டு, அதற்கேற்ற ஃபோர்க்கும் கோணமும் வைத்துக் கட்டினால் அந்தத் தொல்லை போய்விடும். கால் நீளம், கை நீளம், உடல் நீளம் ஆகியவற்றோடு பழைய முதுகுவலி வரை கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகுதான் நல்ல கட்டுநர் குழாயைத் தேர்ந்தெடுக்கிறார். அளவெடுத்துக் கட்டும் வண்டியின் விலைக்கு உண்மையான நியாயம் இதுதான். பேர் பெற்ற பட்டறைகளில் முன்பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ காத்திருப்பவர்கள் உண்டு.

பெயிண்டுக்கு இந்த வாரம் இடமில்லை. பவுடர் கோட்டிங், ஈரப் பெயிண்ட், லக்கின் ஓரங்களில் தூரிகையால் இழுக்கும் மெல்லிய கோடு ஆகியவை அடுத்த வாரம்.