ஒளித்துகளும் மின்காந்தப் புலமும்

மாலைவேளையில் காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்தின் கரையில் நிற்பார்க்கு இருவகை ஒளி எதிர்ப்படும். படகின் இடப்புறத்துச் சிவப்பு விளக்கினின்று வருவது ஒன்று. அப்படகின் வானொலிக் கருவியினின்று கண்ணுக்குப் புலனாகாது பரவுவது மற்றொன்று. இரண்டையும் ஒளி என்று யாம் கூறுதல் கண்டு நண்பர்கள் நகைத்தல் வேண்டா. இராயபுரத்தில் புகைவண்டி நிலையம் திறக்கப்பெற்ற ஒன்பதாம் ஆண்டில், அதாவது 1865-இல், மாக்ஸ்வெல் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர் இதனை வெளியிட்டார். மாறும் மின்புலம் காந்தப்புலத்தையும், மாறும் காந்தப்புலம் மின்புலத்தையும் பிறப்பிக்க, அவ்விரண்டும் ஒன்றையொன்று ஈன்றுகொண்டு வெளியிலே விரையும் அலையே ஒளி என்பது அவர் கண்ட உண்மை.

1905-இல் ஐன்ஸ்டைன், ஒளியின் ஆற்றல் சிறுசிறு கூறுகளாகவே கொள்ளவும் கொடுக்கவும் படுகின்றது என்றார். அக்கூறுக்குப் போட்டான் என்னும் பெயர் 1926-இல் வழக்கிற்கு வந்தது. அன்றுமுதல் மாணாக்கர் ஓயாது வினவுவதொன்றுண்டு: ஒளி துகள்களாயின் புலங்கள் எங்கே போயின? ஒவ்வொரு துகளும் சிறியதொரு மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் முதுகிற் சுமந்து செல்கின்றதோ? யாமும் பல்லாண்டு இதற்கு அரைகுறையாகவே விடை கூறி வந்தோம்.

செவ்விய விடையின் வழியை 1927-இல் டிராக் காட்டினார். துகள் புலத்தைச் சுமப்பதன்று. புலமே ஊஞ்சல்போல் ஆடுவது. அவ்வாட்டத்தின் ஆற்றல் படிப்படியாகவே ஏறும்; ஏறிய படிகளின் எண்ணிக்கையே போட்டான்களின் எண்ணிக்கை. இங்கே ஒரு விந்தை உளது. எண்ணிக்கை திட்டமாக இருக்குமாயின், எவ்விடத்தும் எக்கணத்தும் மின்புலத்தின் சராசரி சுழியே ஆகும். ஊஞ்சலின் ஆற்றல் இவ்வளவென்பது உறுதி. ஆயின் இக்கணம் அது முன்னே வருகின்றதா, பின்னே செல்கின்றதா என்பது இயற்கைக்கே நிச்சயமில்லை. புலத்தின் வர்க்கத்திற்கோ சராசரி சுழியன்று; ஆதலின் ஆற்றல் அழிவதில்லை. மறுதலையாக, அலை இன்னவாறு ஆடுகின்றது என்று தெளிவுற வேண்டின், எண்ணிக்கை திட்டமாக இருத்தல் கூடாது.

மீண்டும் காசிமேட்டிற்கு வருவோம். கப்பல்கள் அபாய காலத்தில் அழைக்கும் பதினாறாம் அலைவரிசையில் புலம் வினாடிக்கு 15 கோடியே 68 இலட்சம் முறை ஆடுகின்றது. 25 வாட்டு ஆற்றலுடைய கருவி ஒரு வினாடியில் விடுக்கும் போட்டான்கள், 2-ஐ எழுதி 26 சுழிகள் இட்ட எண்ணினும் மிகுதி! அத்துணைப் பெருந்தொகையில் ஒன்றிரண்டு குறைந்தால் யார் அறிவார்? ஆகவே அங்கே அலையே தோன்றுகின்றது. சிவப்பு விளக்கின் ஒரு போட்டானோ அவற்றுள் ஒன்றினும் ஏறத்தாழ 30 இலட்சம் மடங்கு ஆற்றலுடையது. ஆதலின் நுண்கருவிகள் அதனைத் தனித்தனியே எண்ணவல்லன.

இவ்விரு நோக்கினையும் முழுமையாய் இணைத்தோருள் ஒருவர் நம் நாட்டவர். கோட்டயத்தை அடுத்த பள்ளத்திற் பிறந்த ஜார்ஜ் சுதர்சன், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்று 1951-இல் பட்டம் பெற்றார். (அக்கல்லூரி 1937-இல் தாம்பரத்திற்குப் பெயருமுன், துறைமுகத்தை அடுத்த ஜார்ஜ் டவுனில் இருந்தமை மூத்தோர் அறிவர்.) 1963-இல், அமெரிக்காவில் ராச்செஸ்டர் ஸர்வகலாசாலையில் இருந்தபோது, எவ்வகை ஒளியையும் தெளிந்த அலைகளின் கலவையாக எழுதலாம் என்று அவர் காட்டினார். ஆயின் அக்கலவையின் பங்குகள் சிலபோது சுழியினும் குறைந்து வரும். அரிசி பருப்பைக் குறைநிறையில் அளப்பார் உளரோ? அங்ஙனம் வருமிடத்தே மாக்ஸ்வெல்லின் அலை மட்டும் போதாது. போட்டான் இன்றி அமையாது. 1977-இல் அதே ஸர்வகலாசாலையில், சோடியம் அணுக்களினின்று போட்டான்கள் ஒன்றையொன்று விலகி வருதலைக் கண்டனர். எத்தகைய பழைய அலையாலும் அதனை விளக்க இயலாது.

2005-இல் ஒளியின் குவாண்டம் கொள்கைக்காக நோபெல் பரிசின் பாதி கிளாபருக்கு வழங்கப்பட்டது. சுதர்சன் தம் மனக்குறையை அக்குழுவினர்க்கு எழுதித் தெரிவித்தார், பயனில்லை. இருவர்க்கும் பகிர்ந்தளித்தலே முறையாயிருந்திருக்கும் என்பது எமது துணிபு. அவர் 2018-இல் டெக்ஸாஸ் மாகாணத்திற் காலமானார். அக்கலவை முறை பாடநூல்களில் இன்று இருவர் பெயராலும் வழங்குகின்றது.