வேலையோடு விடுமுறை: அவுஸ்திரேலியா புறப்படும் பிள்ளைகளும் உடல்நலமும்

பல்கலைக்கழகப் படிப்பு முடிந்ததும் "ஒரு வருசம் அவுஸ்திரேலியாவுக்குப் போய், வேலை செய்துகொண்டு ஊர் சுற்றிப் பார்க்கப்போறன்" என்று பிள்ளை சொன்னால், நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி "ஏன்?" என்பதுதான். நாங்கள் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள நாடு விட்டு வந்தவர்கள். ஒருவர் விரும்பிப் போய் வாழைத்தோட்டத்தில் குலை சுமப்பது எங்களுக்கு எளிதில் விளங்காது. ஆனாலும் பிள்ளைகள் போகிறார்கள். தடுப்பதைவிட, ஆயத்தப்படுத்தி அனுப்புவதே நல்லது.

1975 இல் தொடங்கிய இந்த விசாத் திட்டத்தில் பிரித்தானியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 2023 யூலை முதல் 35 வயது வரை விண்ணப்பிக்கலாம். முன்பு இரண்டாம், மூன்றாம் ஆண்டு விசாவுக்குப் பண்ணை போன்ற குறிப்பிட்ட வேலைகளைச் செய்திருக்க வேண்டும். 2024 யூலை முதல் பிரித்தானியருக்கு அந்த நிபந்தனை இல்லை. ஆகவே விசாவுக்காக மோசமான முதலாளியையோ ஆபத்தான வேலையையோ சகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. இதைப் பிள்ளைகள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

வீட்டில் மறைக்கப்பட்ட நோய்கள்

நம் சமூகத்தில் தொய்வு (ஆஸ்துமா), வலிப்பு, மனநோய் போன்றவற்றைக் கலியாணப் பேச்சைக் கருதி வெளியில் சொல்லாத வழக்கம் இன்னும் உண்டு. இதனால் சிறுவயதில் தனக்கு என்ன இருந்தது, தாய் தகப்பன் வழியில் என்ன நோய் இருக்கிறது என்பது தெரியாமலே பல இளையோர் வளர்கிறார்கள். இங்கே வருத்தம் வந்தால் ஜி.பி.யிடம் பழைய பதிவுகள் இருக்கும். பத்தாயிரம் மைல் தொலைவில் உள்ள வைத்தியருக்குப் பிள்ளை வாயால் சொல்வதே பதிவு. புறப்படுமுன் ஒருநாள் இருந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

இடிமழை ஆஸ்துமா

2016 நவம்பர் 21 மாலை மெல்பேர்ண் நகரில் இடியுடன் புயல்மழை வந்தது. சில மணித்தியாலங்களில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலுடன் வைத்தியசாலைகளை நிறைத்தனர். பத்துப் பேர் இறந்தனர். ஈரப்பதத்தில் புல்லின் மகரந்தம் நுண்துகள்களாக வெடித்து, நுரையீரலின் ஆழம் வரை சென்றதே காரணம். பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமா என்று யாரும் சொன்னதில்லை. மகரந்த ஒவ்வாமை மட்டுமே இருந்தது. தெற்காசிய, தென்கிழக்காசிய வம்சாவளியினர் தங்கள் மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகமாகப் பாதிக்கப்பட்டிருந்தனர் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

யூன் மாதத்தில் தும்மலும் கண் கடியும் உள்ள பிள்ளை நவம்பரில் மெல்பேர்ண் போனால், ஒரே ஆண்டில் இரண்டாவது மகரந்தக் காலத்தைச் சந்திக்கிறது. அப்படிப்பட்டவர்கள் போகுமுன் ஜி.பி.யைப் பார்க்க வேண்டும். தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரை "இப்ப சுகம்தானே" என்று நிறுத்தக்கூடாது. விக்டோரியா மாநிலத்தில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை இடிமழை ஆஸ்துமா பற்றிய முன்னறிவிப்பு வெளியாகிறது. அபாய நாட்களில் புயலுக்கு முன்பே வீட்டுக்குள் வந்து கதவு, ஜன்னல்களைப் பூட்டிவிட வேண்டும். அவசரத்துக்குரிய சல்பியூட்டமோல் இன்ஹேலரை அங்குள்ள மருந்துக்கடைகளில் வைத்தியரின் சீட்டு இல்லாமலே வாங்கலாம்.

வெயிலும் கடலும்

"நாங்கள் யாழ்ப்பாணத்து வெயிலைப் பார்த்த ஆட்கள்" என்று பெற்றோர் சொல்லலாம். பிள்ளை பார்த்தது லண்டன் வெயிலை. புதிய வெப்பத்துக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் செல்லும். 2017 நவம்பரில் குயின்ஸ்லாந்துப் பண்ணையொன்றில் பூசணிக்காய் பறித்த பெல்ஜிய இளைஞர் ஒருவர், வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே வெப்பத்தால் சுருண்டு விழுந்து இறந்தார். முதல் வாரத்தில் வேலையை மெதுவாகக் கூட்ட வேண்டும். தாகம் எடுக்குமுன்னரே தண்ணீர் குடிக்க வேண்டும். வெயிலில் நிற்பவர் பேச்சுத் தடுமாறினாலோ தள்ளாடினாலோ 000 ஐ அழைத்து, உடனே நிழலில் கிடத்தித் தண்ணீரால் உடலைக் குளிர வையுங்கள். கறுப்புத் தோல் வெப்பத் தாக்கத்திலிருந்து யாரையும் காப்பதில்லை.

நம் பிள்ளைகளில் நீச்சல் தெரியாதவர்கள் பலர். கடற்கரையில் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இடையில் மட்டுமே இறங்க வேண்டும். தெரிந்தவர்களுக்கும் இதுவே விதி.

ஆடு மாடு உள்ள இடங்கள்

இறைச்சிக் கூடங்களிலும் ஆடு மாட்டுப் பண்ணைகளிலும் கியூ காய்ச்சல் தொற்றலாம். அவுஸ்திரேலியாவில் இதற்குத் தடுப்பூசி உண்டு. ஆனால் போடுமுன் இரத்தப் பரிசோதனையும் தோல் பரிசோதனையும் வேண்டும். தோல் பரிசோதனையின் முடிவைப் பார்க்க ஒரு வாரம் செல்லும். வேலைக்குச் சேருமுன்பே கேட்க வேண்டிய விடயம் இது.

செலவும் காப்புறுதியும்

பிரித்தானியாவுடன் உள்ள பரஸ்பர உடன்படிக்கையின்படி, அவசியமான சிகிச்சையை மெடிக்கெயர் ஏற்கும். போனவுடன் பதிந்துகொள்வது நல்லது. ஆனால் அம்புலன்ஸ், பல் வைத்தியம், ஊர் திருப்பி அனுப்பும் செலவு இதில் அடங்கா. ஆகவே செய்யப்போகும் உடலுழைப்பு வேலைக்கும் பொருந்தும் காப்புறுதி அவசியம். மூன்று மாதங்களுக்கு மேல் வெளிநாட்டில் இருப்பவருக்கு என்.எச்.எஸ். தொடர்ந்து மருந்து தராது. நிரந்தரமாக மருந்து எடுப்பவர்கள் வைத்தியரின் கடிதத்தோடு போய், அங்கே ஒரு வைத்தியரிடம் பதிய வேண்டும்.

மனம்

கடுமையான தனிமை, ஊதியம் ஏமாற்றப்படுதல், நெருக்கமான விடுதி அறை ஆகியவை மனதையும் நோயாக்கும். 2022 ஏப்ரல் முதல் பழம், மரக்கறி பறிக்கும் கூலியாளுக்கு, எடைக்குச் சம்பளம் பேசியிருந்தாலும் மணித்தியாலத்துக்கான குறைந்தபட்சத் தொகை உறுதிசெய்யப்பட்டிருக்கிறது. கடவுச்சீட்டை முதலாளியிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை. வேலையில் காயப்பட்டால் இழப்பீடு கேட்கும் உரிமை தற்காலிக விசாவில் இருப்பவருக்கும் உண்டு. மனம் தாளாதபோது 13 11 14 என்ற லைஃப்லைன் இலக்கத்தில் எந்நேரமும் பேசலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தொலைபேசியில் "சாப்பிட்டியா?" என்பதோடு நின்றுவிடாதீர்கள். "நித்திரை வருகுதா? ஆரோடை கதைக்கிறாய்? சம்பளம் ஒழுங்காத் தருகினமா?" என்றும் கேளுங்கள். "சொல்லச் சொல்லக் கேளாமல் போனாய்தானே" என்ற ஒரு வார்த்தை போதும், அடுத்த முறை பிள்ளை எதையும் சொல்லாது. இடையில் திரும்பி வருவது தோல்வி அல்ல, வீட்டுக் கதவு எப்போதும் திறந்திருக்கிறது என்பதைப் புறப்படுமுன்பே சொல்லி அனுப்புங்கள்.

பயணத்துக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன் ஜி.பி.யையும் பல் வைத்தியரையும் பார்த்து, தடுப்பூசிகளைச் சரிபார்த்து, நோய் விபரம், மருந்துகள், ஒவ்வாமைகள் அடங்கிய ஒரு பக்கக் குறிப்பைப் பிள்ளையின் கைத்தொலைபேசியிலும் கடவுச்சீட்டோடும் வைத்துவிடுங்கள்.