கணிப்பொறிக் குறிப்பேட்டில் நாலடியார்

கணிப்பொறியில் 'ஜூபிட்டர் குறிப்பேடு' என்று ஒன்று உண்டு. பெர்னாண்டோ பெரெஸ் 2001-இல் தொடங்கிய ஐபைதான் என்ற மென்பொருளிலிருந்து 2014-இல் கிளைத்தது. விஞ்ஞானிகளுக்காகப் பிறந்த ஏடு. ஒரு கட்டத்தில் விளக்கம் எழுதலாம். அடுத்த கட்டத்தில் கணக்குக்கான கட்டளை இடலாம். விடை அதன் கீழேயே வந்து நிற்கும். என்னைப் போன்ற வியாபாரிக்குப் புரியும்படி சொன்னால், சிட்டையும் பேரேடும் ஒரே புத்தகத்தில் இருப்பது மாதிரி. சரக்கு விலை ஒன்றைத் திருத்தி மறுபடி ஓட்டினால் ஐந்தொகை வரை எல்லாம் திருந்திவிடும்.

டாக்குரியாவில் என் மேஜையில் இந்த ஏட்டுக்கு வேறு வேலை. நாலடியாரை எண்ணிப் பார்க்க அதைப் பயன்படுத்துகிறேன்.

சமண முனிவர்கள் பாடியதாக மரபு கூறும் அந்நூலில் 400 வெண்பாக்கள். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஏட்டில் ஏற்றி, எந்தச் சொல் எத்தனை இடத்தில் வருகிறது, எந்தெந்த எழுத்தில் பாடல்கள் தொடங்குகின்றன என்றெல்லாம் கேட்கலாம்.

இங்கே ஒரு சங்கதி. 'நாலடி' என்பதில் எத்தனை எழுத்து? நாம் 3 என்போம். பைதான் மொழி 5 என்று சொல்லும். யூனிகோடு முறையில் 'நா'வின் துணைக்காலும் 'டி'யின் மேல்விலங்கும் தனித்தனி எண் பெற்றவை. வங்காள எழுத்துக்கும் இதே கதைதான். முத்து அண்ணாமலை முதலிய ஆர்வலர்கள் உருவாக்கிய 'ஓப்பன் தமிழ்' நிரல்தொகுப்பு உயிர்மெய்யை ஒரே எழுத்தாகப் பிரித்துத் தரும். அதைச் சேர்த்தால் விடை 3. நேரசை, நிரையசை பார்ப்பதற்கும் அதுவே முதற்படி.

இன்னொன்று, பாடம். சீர் பிரித்த பாடத்தில் ஒரு சொல் இரண்டு துண்டாக நிற்கும். சந்தி பிரித்த பாடத்தில் முழுசாக நிற்கும். எண்ணிக்கை மாறிவிடும். ஆகவே எந்தப் பாடத்தை எண்ணினோம் என்பதை முதல் கட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

கட்டங்களை முன்பின்னாக ஓட்டினால் பழைய மதிப்பு நினைவில் தங்கித் தப்பு விடை தரும். கட்டத்தின் பக்கத்தில் வரும் வரிசை எண்ணைக் கவனியுங்கள். முடிவில் ஏட்டை மறுதொடக்கம் செய்து முதலிலிருந்து ஒரு தடவை ஓட்டிவிடுவது நல்லது. வருஷக் கணக்கை மறுபடி கூட்டிப் பார்ப்போமே, அது போல.

நம் மலர்க் கட்டுரைகளில் 'இச்சொல் பல இடங்களில் வருகிறது' என்று எழுதிவிடுகிறோம். எத்தனை இடம், எப்படி எண்ணினோம் என்று காட்டும் ஏட்டையும் உடன் கொடுத்தால் வாசகர் தம் வீட்டிலேயே சரிபார்த்துக் கொள்வார். கூகுள் கோலாப் இருப்பதால் எதையும் நிறுவக்கூட வேண்டாம், உலாவி போதும். இளைய அன்பர்கள் கட்டளைகளை எழுதட்டும். பாடம் பிரிப்பதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.